பத்து டாலர் காகிதம்

அன்புள்ள பவிக்கு,

"ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொடுக்கப் பத்து டாலரா? பகல் கொள்ளைம்மா" என்று வாட்ஸப்பில் பொருமியிருந்தாய். ஃபோனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நியூ ஜெர்சி எடிசனில் பேங்க் கவுண்ட்டரில் நின்று நின்று முட்டி தேய்ந்தவள் சொல்கிறேன், கேள். கேஷியர்ஸ் செக் என்கிற அந்தக் காகிதத்தை நீ கொடுப்பதாக இருந்தால் அந்தப் பத்து டாலரைப் பற்றி யோசிக்காதே. நீ வாங்குவதாக இருந்தால் அந்தக் காகிதத்தை நம்பாதே. இந்த மாதம் இரண்டுமே உனக்கு இருக்கிறது. அபார்ட்மென்ட்டுக்குக் கொடுக்கப் போகிறாய், காரை விற்று வாங்கப் போகிறாய்.

அபார்ட்மென்ட் விஷயம் சுலபம். உன் செக் புக்கிலிருந்து கிழித்துக் கொடுத்தால், கணக்கில் பணம் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு மதிப்பு. பவுன்ஸ் ஆகலாம், மறுநாளே பணம் தராதே என்று பேங்குக்குச் சொல்லி நீ ஸ்டாப் பேமென்ட் போடலாம். முன்பின் தெரியாத உன் கையில் சாவியைக் கொடுக்கிற லீசிங் ஆபீஸுக்கு அந்தப் பயம் இருக்காதா? கேஷியர்ஸ் செக்கில் அந்தக் கதை இல்லை. பேங்க் அப்போதே உன் கணக்கில் பணத்தைக் கழித்துக்கொண்டு, தன் பேரிலேயே செக் எழுதிக் கொடுக்கிறது. எழுதுவதும் பேங்க்தான், பணம் தர வேண்டியதும் அதே பேங்க்தான். நம்ம ஊர் டிடிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள். டிடியில் எடுத்தவர் பெயரையும் அச்சடிக்க வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரில்தான் வந்தது. இங்கே 'ரெமிட்டர்' என்று அதற்கு ஒரு வரியே உண்டு. கவுண்ட்டரை விட்டு நகரும் முன்பு அந்த வரியில் உன் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் பணம் கட்டியது நீதான் என்பதற்கு அதுதான் சாட்சி.

கட்டணம் பெரும்பாலும் 8 முதல் 15 டாலருக்குள் இருக்கும். பெரிய தொகையைக் கணக்கில் போட்டு வைத்திருப்பவர்களுக்குச் சில பேங்குகள் இலவசமாகவே தரும். உறுப்பினர்களின் கூட்டுறவு பேங்கான கிரெடிட் யூனியனில் பெரும்பாலும் இன்னும் மலிவு. பத்து டாலர் மிச்சம் பிடிக்க ஆயிரக்கணக்கில் பணத்தை முடக்கி வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். போஸ்ட் ஆபீஸ் மணி ஆர்டர் மலிவுதான், ஆனால் ஒன்றில் 1,000 டாலருக்கு மேல் போட முடியாது. வாடகையும் டெபாசிட்டும் சேர்ந்து 2,900 என்றாயே, அதற்கு மூன்று எடுக்க வேண்டும், மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். கூட்டிப் பார்த்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

உனக்கு இருக்கிற சிக்கல் வேறு. உன் சேமிப்பு முழுக்க கிளையே இல்லாத ஆன்லைன் பேங்கில் கிடக்கிறது. அவர்கள் செக்கைத் தபாலில்தான் அனுப்புவார்கள். சாவி வாங்குகிற நாளுக்கு முன்னால் அது வந்து சேரும் என்று யார் உத்தரவாதம் தருவது? அதனால் இந்த வாரமே அந்தப் பணத்தை உன் செக்கிங் கணக்குக்கு மாற்றிவிடு. கிளை உள்ள பேங்காக இருந்தால், லைசென்ஸோடு உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் செக்கோடு வெளியே வரலாம். கணக்கே இல்லாத பேங்கில் போய்க் கேட்காதே, பல இடங்களில் தரமாட்டார்கள்.

யார் பேருக்கு எடுப்பது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கு. வாசல் போர்டில் ஒரு பெயர் இருக்கும், லீஸில் எல்எல்சி என்று முடிகிற வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கும். போர்டைப் பார்த்து எடுத்துவிட்டு, மறுநாள் முகம் சிவந்து திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயன்படாத செக்கைப் பின்பக்கம் 'பயன்படுத்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் கணக்கிலேயே திரும்பக் கட்டலாம். கட்டணம் மட்டும் பெரும்பாலும் போனது போனதுதான்.

செக்கைத் தொலைத்துவிடாதே. இதற்கு உன் இஷ்டப்படி ஸ்டாப் பேமென்ட் போட முடியாது. தொலைந்துவிட்டது என்று பேங்கில் எழுதிக் கொடுக்க வேண்டும், செக் தேதியிலிருந்து 90 நாள் முடிகிற வரைக்கும் பணத்தைத் தர வேண்டிய கட்டாயம் பேங்குக்கு இல்லை. அத்தனை நாளுக்கு உன்னிடம் இன்னொரு 2,900 இருக்கிறதா? பேங்கிலிருந்து நேரே லீசிங் ஆபீஸுக்குப் போ, ரசீது வாங்கு.

இனி கார். எனக்குத் தூக்கம் வராதது இதை நினைத்துத்தான்.

எங்கள் கிளைக்கு வாடிக்கையாக ஒரு பெரியவர் வருவார். காலமான மனைவி வாசித்த பியானோவை 1,200 டாலருக்கு விற்க விளம்பரம் கொடுத்தார். வந்த கேஷியர்ஸ் செக்கில் 3,900 இருந்தது. 'பியானோவைத் தூக்கிப் போக வருகிற ஆளுக்கு 2,500 அனுப்பிவிடுங்கள், மிச்சம் 200 உங்கள் சிரமத்துக்கு' என்று கூடவே ஒரு குறிப்பு. செக்கில் குறையே சொல்ல முடியாது. வாட்டர்மார்க் இருந்தது, நிஜமான ஒரு கிரெடிட் யூனியனின் பெயர் இருந்தது. மறுநாள் கணக்கில் பணம் தெரிந்தது, அவரும் 2,500 அனுப்பிவிட்டார். இரண்டாவது வாரம் செக் போலி என்று திரும்பி வந்தது. 3,900 முழுவதையும் அவர் கணக்கில் கழித்தார்கள். "பணம் வந்துவிட்டது என்று உங்கள் ஆட்கள்தானே சொன்னார்கள்?" என்று கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

சொன்னது பொய்யில்லை. கேஷியர்ஸ் செக்கை நேரில் கொண்டுபோய்க் கட்டினால் அடுத்த வேலை நாளே பணத்தை எடுக்க விட வேண்டும் என்று இங்கே மத்திய விதி இருக்கிறது. முன்பு 5,525 டாலர் வரை என்றிருந்தது, 2025 ஜூலையிலிருந்து 6,725. அதற்கு மேல் உள்ளதைப் பேங்க் சில நாள் நிறுத்தி வைக்கலாம். ஆனால் எடுக்க விடுவது வேறு, எழுதிய பேங்கிலிருந்து பணம் வந்து சேர்வது வேறு. அந்த இடைவெளியில்தான் திருடன் பிழைக்கிறான். போலி என்று தெரிந்தால் நஷ்டம் கட்டியவர் தலையில்.

அதனால் யார் செக்கை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு, காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் கையெழுத்துப் போடாதே. "உங்கள் பேங்க் கிளைக்கே போவோம், என் கண் முன்னால் எடுத்துக் கொடுங்கள்" என்று சொல். நிஜமாக வாங்க வந்தவர் மறுக்கமாட்டார். "வேலை அதிகம், சனிக்கிழமை சாயங்காலம்தான் வர முடியும்" என்கிறவன் பேங்க் மூடியிருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறான். செக்கில் அச்சடித்திருக்கிற நம்பருக்கு ஃபோன் பண்ணாதே. காகிதத்தையே போலியாக அடித்தவனுக்கு நம்பரை மாற்றி அடிக்கத் தெரியாதா? பேங்கின் சொந்த வெப்சைட்டில் நம்பரைப் பார்த்துக் கூப்பிடு. விலையை விட ஒரு டாலர் கூடுதலாக எழுதியிருந்தாலும் பேச்சை அதோடு முடித்துவிடு.

கார் விலை 11,500ஐயும் ரொக்கமாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அதையும் உன் பேங்கிலேயே எண்ணி வாங்கு. 10,000க்கு மேல் ரொக்கம் கட்டினால் பேங்க் அரசாங்கத்துக்கு ஒரு படிவம் அனுப்பும். அது வழக்கம்தான், பயப்படாதே. அதற்குப் பயந்து இன்று ஆறாயிரம், நாளை ஐந்தாயிரத்து ஐந்நூறு என்று பிரித்துக் கட்டினால் அதுதான் குற்றம். உன் சித்தப்பா மாதிரி ஆட்கள் யோசனை சொல்வார்கள், காதில் வாங்காதே.

கார் கைமாறியதும் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள். விற்றுவிட்டேன் என்று டெக்சஸ் மோட்டார் வாகனத் துறையின் வெப்சைட்டில் 30 நாளுக்குள் பதிந்துவிடு.

லீஸின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, கம்பெனி பெயரை நானும் ஒருமுறை பார்க்கிறேன். காரின் இரண்டாவது சாவி இங்கே மேஜை டிராயரில்தான் இருக்கிறது. அப்பா நாளை தபாலில் போடுகிறார். வாங்குகிறவர் அதைக் கேட்பார்.

அம்மா