கோவிலூர்ப் பாதையில் என்னைச் சுமந்தவர்களுக்கு

வட்டவடை மக்களுக்கும், மேலே முத்துவான் பழங்குடியினரின் குடியில் இருப்பவர்களுக்கும், நம் காட்டுத் தங்கலில் என்னோடு வேலை செய்தவர்களுக்கும் வணக்கம்.

கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அன்றைக்கு இரவு மழையில், காலில் அடிபட்டுக் கிடந்த என்னை நீங்கள் மூங்கில் தொட்டிலில் ஜீப்வரை சுமந்து வந்தீர்கள்; மீதியை நான் மறுபடி சொல்லத் தேவையில்லை. நன்றி மட்டும் பாக்கி இருக்கிறது. இதைப் போனில் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மூங்கில் வெட்டி வந்த முத்துவான் குடி அண்ணன்மார், தோள் மாற்றி மாற்றிச் சுமந்த ஆறு பேர், அரைத் தூக்கத்தில் எழுந்து ஜீப்பை எடுத்த தம்பி, காட்டு செக்போஸ்டில் கேள்வி கேட்காமல் கம்பியைத் தூக்கிவிட்டவர், மூணாறில் விடிய விடிய என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நர்ஸ் சேச்சி, இன்றுவரை என் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற நம் பிள்ளைகள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன். உங்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த இரவை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது ஒரு குரல். பூண்டு விளைகிற படி வயலான பூண்டுத் தட்டுக்குப் பக்கத்து வீட்டு அப்பத்தாவின் குரல்.

தன் கம்பளியை உருவிக் கொடுத்தது அவர்தான். அதை மூங்கிலில் கட்டித் தொட்டிலாக்கி என்னைப் படுக்க வைத்தீர்கள். தொட்டிலில் மல்லாந்து கிடப்பவருக்கு வானம் மட்டும்தான் தெரியும், அன்றைக்கு மழையும் மஞ்சும் சேர்ந்து அதுவும் தெரியவில்லை. அடுத்த அடியில் மேடா பள்ளமா என்று தெரியாது. எங்கே குலுங்கும் என்றும் தெரியாது. வலியைவிட அதுதான் பயமாக இருந்தது. எல்லோரும் “ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அந்த அன்பு எனக்குப் புரியாமல் இல்லை, ஆனால் பயம் விடவில்லை.

அப்போதுதான் அப்பத்தா என் தலைமாட்டுக்கு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வீட்டில் இருங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர் காதில் வாங்கவே இல்லை.

“தாயி, இப்ப பூண்டுத் தட்டு. பதினோரு படி இறங்கணும். எண்ணிக்க.”

எண்ணினேன். சரியாகப் பதினொன்று.

“இப்ப கேரட்டுத் தோட்டம். சமதரை. கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்க.”

“இப்ப கிராண்டிஸ் மரக்காடு. வேரு தடுக்கும், ரெண்டு குலுக்கு குலுக்கும். பல்லைக் கடிச்சுக்க.”

“ஓடை வருது. தண்ணி கணுக்காலுக்குத்தான். இவனுக நிப்பானுக, பயந்துக்காத.”

ஜீப் நிற்கிற இடம்வரை இப்படித்தான். ஒரு இடத்தில்கூட வலிக்காது என்று அவர் சொல்லவில்லை. வலிக்கிற இடம் வருமுன் வலிக்கும் என்றார், முடிந்ததும் முடிந்தது என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இரண்டரை கிலோமீட்டரையும் கடந்தேன்.

ஜீப்பில் அவருக்கு இடம் இல்லை. மூணாறுக்குப் பாம்பாடும் சோலை வழியாகத்தான் போனோம். பாம்பாடும் சோலை கேரளத்திலேயே சின்ன தேசியப் பூங்கா, 1.32 சதுர கிலோமீட்டர்தான் என்று விருந்தாளிகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! அந்தக் குரல் இல்லாமல் போனபோது அந்தச் சோலை முடியவே இல்லை.

ஏழு மாதமாக அதே பாதையில் தினமும் நடந்திருக்கிறேன். வந்தவர்களுக்குச் சோலையைக் காட்டினேன், புல்வெளியைக் காட்டினேன், வாட்டில் என்கிற வெளிநாட்டு மரத்தின் கன்றுகளை ஏன் பிடுங்குகிறோம் என்று விளக்கினேன். பூண்டுத் தட்டில் எத்தனை படி என்று எனக்குத் தெரியாது. புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு என்று வாய் நிறையச் சொல்வேன், அதை விளைவிக்கிறவர் வீட்டுத் திண்ணையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவர் இரண்டு முறை வரக்காப்பிக்குக் கூப்பிட்டார். இரண்டு முறையும் வேலை இருக்கிறது என்று போய்விட்டேன். அது இப்போது உறுத்துகிறது.

மண் சுவர், புல் கூரை, ஒரு சோலார் விளக்கு, இரண்டு வாளி. இவ்வளவு போதும் என்று வாழப் பழகிவிட்டதாக ஊரில் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கூப்பிடு தூரத்தில் நீங்கள் எல்லோரும் இருந்ததால்தான் அது போதுமானதாக இருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

டாக்டர் ஆறு வாரம் என்கிறார், அப்புறம் மெதுவாக நடக்கலாமாம். வந்ததும் முதல் வேலை அந்த ஓடைதான். பிள்ளைகளோடு சேர்ந்து அங்கே கல் அடுக்க வேண்டும், அடுத்த முறை யாரையாவது தூக்கி வந்தால் சுமக்கிறவர்கள் தண்ணீரில் இறங்காமல் கடக்க வேண்டும். 2018-ல் பூத்த குறிஞ்சி இனி 2030-ல் பூக்கும், அப்போது இந்தப் பாதையில் கூட்டம் தாங்காது. அதற்குள் அப்பத்தாவோடு பாதை முழுக்க நடந்து, எந்த இடத்துக்கு அவர் என்ன பேர் சொல்கிறார், எங்கே எத்தனை படி என்று எல்லாவற்றையும் கற்றுக்கொள்வேன். விருந்தாளிகளை இனி அவர் சொல்கிற பேர்களோடுதான் கூட்டிப்போவேன். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன்.

அப்பத்தாவுக்கு இதை யாராவது படித்துக் காட்டுங்கள். அவர் கம்பளி என்னிடம்தான் இருக்கிறது. மலைக் குளிரில் அது இல்லாமல் என்ன செய்கிறாரோ என்று ஒவ்வொரு ராத்திரியும் நினைக்கிறேன். நான் வரும்வரை தங்கலில் இருக்கிற என் கம்பளியை அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். இங்கே அவருடையதை அம்மா துவைத்து வெயிலில் காயப் போட்டிருக்கிறாள். தை பிறந்ததும் நானே கொண்டு வருகிறேன், திண்ணையில் உட்கார்ந்து அந்த வரக்காப்பியையும் குடிக்கிறேன்.