லைலாக்கை வெட்டும் காலம் இதுதான்

ஆசிரியருக்கு,

ரொறன்ரோவில் லைலாக் என்ற வாசப் பூச்செடி பூத்து ஓய்கிற கிழமைகள் இவை. செடி ஆளுயரம் தாண்டியும் ஒரு கொத்துக்கூடப் பூக்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் நம்மவரில் பலர். செடியில் குறை இருப்பது அபூர்வம். பெரும்பாலும் வெட்டிய காலம்தான் பிழை.

அடுத்த மே மாதப் பூவுக்கான மொட்டை லைலாக் இந்தக் கோடையிலேயே கட்டிவிடுகிறது. இலையுதிர்காலத்தில் வளவைத் துப்புரவாக்கும்போதும், ஏப்ரலில் பனி கரைந்ததும் செடியை ஒழுங்குபடுத்தும்போதும் வெட்டுப்பட்டுப் போவது அந்த மொட்டுத்தான். பூ வாடி மூன்று கிழமைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். வாடிய கொத்தை அதற்குக் கீழுள்ள முதல் இலைச்சோடிக்குச் சற்று மேலே நறுக்குங்கள். புதுத் தளிர் அந்தக் கணுவில்தான் வரும். புல் வெட்ட வருபவர்கள் எல்லாச் செடியையும் உருண்டையாகக் கத்தரித்துவிட்டுப் போவதுண்டு. லைலாக்கைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உச்சியில் மட்டும் பூக்கும் பழைய செடியை ஒரேயடியாகத் தறித்தால் சில வருடங்களுக்குப் பூவே இராது. மிகத் தடித்த தண்டுகளில் மூன்றிலொன்றை இந்த வருடம் நிலமட்டத்தில் வாளால் அரியுங்கள். மிச்சத்தை அடுத்த இரு வருடங்களில் பார்க்கலாம். அடியில் கிளம்பும் கன்றுகளில் திடமான நாலைந்தை விட்டு மற்றதை அகற்றுங்கள்.

வெட்டியது சரியாக இருந்தும் பூக்காவிட்டால் வெயிலைப் பாருங்கள்; நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். புல்லுக்குப் போடும் பசளை செடியடியில் விழுகிறதா என்றும் கவனியுங்கள். அதில் நைதரசன் மிகுதி. இலை செழிக்கும், பூ வராது. நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் கன்றைச் சற்று மேடாக நடுவது நல்லது. குழி வேர்க்கட்டியின் அளவுக்கு ஆழமும் அதைப்போல் இருமடங்கு அகலமும் இருந்தால் போதும்.

ஆவணியில் இலையில் படியும் வெண்தூள் ஒரு பூஞ்சணம். பார்க்க அசிங்கமே தவிர, செடியைக் கொல்லாது. காற்றோட்டம் கொடுத்து, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றினால் குறையும்.

சிறிய வளவுக்கு 'மிஸ் கிம்' என்ற லைலாக் வகை பொருத்தம். ஆறேழு அடிக்குள் நிற்கும், வாசமும் உண்டு, வெண்தூளும் அதிகம் பிடிக்காது. ஒட்டாவா மத்திய பரிசோதனைப் பண்ணையில் இசபெல்லா பிரெஸ்டன் 1920களில் உருவாக்கிய வகைகள் வழமையான லைலாக்குக்குப் பிந்திப் பூப்பவை. இரண்டையும் வைத்தால் பூக்காலம் நீளும். ஆனால் பிரெஸ்டன் வகைகளின் வாசம் வேறு. வாங்கமுன் ஹமில்ரன் ரோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின் லைலாக் தொகுப்பை மே கடைசியில் போய் முகர்ந்து பார்ப்பது நல்லது. நட்ட கன்று நன்றாகப் பூக்க மூன்று வருடமாவது எடுக்கும், அதுவரை கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம்.

வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ