அந்தப் பழைய சண்டை

அன்புள்ள ரவி,

இங்கே எல்லோரும் நலம். அம்மா இப்போது கோலில்லாமல் நடக்கிறார். ஏழெட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, மன்னித்துவிடு.

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது உன்னுடைய '1984' கேசட் கிடைத்தது. உறையில் உன் கிறுக்கல் அப்படியே இருக்கிறது. நாடா ஓடவில்லை. ஆனால் ராத்திரி வெகுநேரம் போனில் அந்த அமெரிக்க ராக் பேண்ட் வான் ஹேலனின் பாட்டுதான்.

எத்தனை நாள் அடித்துக்கொண்டோம், அவர்களுடைய பாடகர்களில் டேவிட் லீ ராத்தா சாமி ஹேகரா என்று! 1985இல் ராத் போனதோடு பேண்டே செத்துவிட்டது என்பாய். அடுத்த வருடம் ஹேகர் பாடிய '5150'தான் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசையில் அவர்களுக்கு முதலிடம் வாங்கிக்கொடுத்த முதல் ஆல்பம் என்று நான் கத்துவேன். நாம் இரண்டு பேருமே பாடகரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோமடா.

பேண்டின் அந்த அண்ணன் தம்பி, அலெக்ஸ் வான் ஹேலனையும் எட்டி வான் ஹேலனையும் பார். 1962இல் ஹாலந்திலிருந்து கப்பலேறி, கையோடு ஒரு பியானோவையும் கொண்டு கலிபோர்னியாவின் பாசடீனாவுக்கு வந்த குடும்பம். அப்பா கிளாரினெட் வாசிப்பவர். எட்டி முதலில் வாங்கியது டிரம்ஸ். அதன் கடனை அடைக்க அவன் வீடு வீடாகப் பேப்பர் போடப் போகும் நேரத்தில், அண்ணன் அலெக்ஸ் அதில் உட்கார்ந்து தட்டித் தட்டி அவனையே மிஞ்சிவிட்டான். சரி, நீயே வைத்துக்கொள் என்று எட்டி கிட்டாரை எடுத்தான். அந்தக் கை வாசித்ததுதான் 1978இல் வந்த முதல் ஆல்பத்தின் 'இரப்ஷன்' என்ற தனி கிட்டார் வாசிப்பு. 1 நிமிடம் 42 விநாடி. ஒரு கச்சேரிக்காக ஸ்டூடியோவில் பழகிக்கொண்டிருந்ததை ஆல்பத் தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மேன் காதில் வாங்கிப் பதிவு செய்யச் சொன்னார். இல்லையென்றால் அது நமக்குக் கிடைத்தே இருக்காது.

பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: ராத், ஹேகர், செரோன், திரும்ப ராத். பேஸ் கிட்டார் வாசித்த மைக்கேல் ஆண்டனியும் போய், எட்டியின் மகன் வுல்ஃப்காங் வந்தான். அத்தனையிலும் எட்டிக்குப் பின்னால் அலெக்ஸ் உட்கார்ந்திருந்தார். 2015 அக்டோபரில் ஹாலிவுட் பவுலில் நடந்த கடைசிக் கச்சேரி வரை. 2020 அக்டோபர் 6, எட்டி புற்றுநோயில் போனார். 2024இல் அலெக்ஸ் தன் டிரம்ஸை ஏலத்தில் விற்றுவிட்டார். இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம், போன வாரம் செந்தில் வந்திருந்தான். வீட்டுப் பங்கு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறானா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான். நான் எழுதியதாகச் சொல்லாதே. அவனுடைய நம்பர் மாறவில்லை.

அன்புடன்,
முரளி