பீச் என்றால் மணல் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் சிறுவர் பக்கக் கேள்வி பதிலில், 'பீச் என்றால் மணல் பரந்த கடற்கரை, கல் நிறைந்த கரையை அப்படிச் சொல்லக் கூடாது' என்று வந்திருந்தது. பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவள் என்பதால் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்ததே கல்லைச் சொல்லத்தான்.

16ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தில் 'பீச்' முதலில் தலைகாட்டும்போது அது இடத்தின் பெயர் அல்ல. அலை உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்களுக்குத்தான் அந்தப் பெயர். அப்புறம் கல்லின் பெயரே கல் கிடந்த கரைக்கும் ஆகிவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டு பொருளும் புழங்கத் தொடங்கிவிட்டன. ஆனாலும் இங்கிலாந்தின் தென்கிழக்கில் கென்ட், சஸ்ஸெக்ஸ் பக்கத்துப் பேச்சு வழக்கில் கல் என்ற பழைய பொருள் வெகுகாலம் நிலைத்திருந்தது. அங்கே கரையில் பெரும்பாலும் கல்தானே! பிரைட்டனுக்குப் போய் மணல் தேடினால் காலுக்கடியில் கல்தான் புரளும்.

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில் உள்ள செசில் பீச்சை மட்டும் பார்த்தாலே போதும். சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்மேடு. மேற்குக் கோடியில் பட்டாணி அளவில் இருக்கும் கல், கிழக்கே போர்ட்லாந்தை நெருங்க நெருங்கப் பெரிதாகி உருளைக்கிழங்கு அளவுக்கு வந்துவிடும். அலையே அப்படித் தரம் பிரித்து வைத்திருக்கிறது. இருட்டில் கரையேறும் மீனவர்கள் கல்லைத் தொட்டுப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். 'செசில்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் பரற்கல்லைக் குறித்த சொல்தான். உங்கள் பதில்படி பார்த்தால் இதையும் பீச் என்று சொல்ல முடியாது.

நமக்குப் பீச் என்றவுடன் மணல் நினைவுக்கு வருவதற்கு மெரினாதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த மணலும்கூட, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே சேர்ந்து சேர்ந்து இவ்வளவு அகலமானதுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. பழைய ஆங்கிலத்தில் சிற்றோடையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து 'பீச்' வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ஓடைக்கு இன்றும் 'பாஹ்' என்றுதான் பெயர், இரண்டும் ஒரே குடும்பம். முடிந்த முடிவு இல்லைதான். ஆனால் ஓடையின் பெயர் ஓடைக்கல்லுக்கும், அங்கிருந்து கடற்கரைக் கல்லுக்கும் போயிருக்கும் என்பது பொருத்தமாகவே படுகிறது.

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. எங்கள் பொள்ளாச்சிப் பிள்ளைகளில் பலர் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வால்பாறையில் கூழாங்கல் ஆறு என்றே ஓர் ஆறு ஓடுகிறது. தண்ணீர் வற்றும் நாளில் உருண்டை உருண்டையாகக் கல் பரப்பிக் கிடக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்குப் 'பீச்' என்ற சொல்லின் பழைய பொருளைச் சொல்லித்தர வேறு படமே வேண்டாம். (கல்லைப் பார்க்கலாம் என்று மழைக்காலத்தில் ஆற்றில் இறங்கிவிட வேண்டாம். மேலே பெய்த மழைக்குத் திடீரென்று வெள்ளம் வந்துவிடும்.)

சிறுவர் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். அதனால் இந்தத் திருத்தத்தைக் கடிதப் பகுதியோடு விட்டுவிடாமல், அதே சிறுவர் பக்கத்திலும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் செசில் கரையின் படம் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
பொள்ளாச்சி