எல்லா ‘ரன்’னும் ஓடாது

திருநகர், மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. கம்ப்யூட்டர் திரைகளில் வரும் ஆங்கில வரிகளை மொழிபெயர்க்க என்று உனக்குக் கொடுத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன். ‘ரன்’ (run) என்ற ஆங்கில வினை வருகிற வரிகளில் பாதிக்கு ‘இயக்கு’, மீதிக்கு ‘ஓடு’ என்று போட்டு வைத்திருக்கிறாய். ‘நோயாளிக்குக் காய்ச்சல் ஓடுகிறது’ என்று ஒரு வரி. காய்ச்சல் நம்ம ஊரில் அடிக்கும், கொதிக்கும், ஓடாது.

சொல்லைக் கண்டு மலைத்துப் போகாதே. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட வினையாக இருந்தது ‘செட்’, 430 பொருள். அதற்குப் பிந்தைய திருத்தத்தில் ‘ரன்’ வினை 645க்குப் போய்விட்டது. மில், ரயில், கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும் இங்கிலீஷ்காரர்கள் அதன் தலையில் இந்த வினையையே கட்டினார்கள். 645ஐயும் நீ படிக்க வேண்டாம். வினையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அதன் பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல் எது என்று பார். தமிழில் வினையைக் கூப்பிட்டுக்கொண்டு வருவது அந்தப் பெயர்தான்.

மூக்கு ஒழுகும். குழாயில் தண்ணீர் வரும். கிணறு வற்றும். அழகர்கோவில் ரோடு வடக்கே போகும். சுங்குடிச் சேலையில் சாயம் போகும். பேப்பரில் விளம்பரம் வரும். சர்க்கரை வியாதி சில குடும்பங்களில் வம்சவழியாக வரும். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற ஒரே வினை. வைகையில் தண்ணீரும், தியேட்டரில் படமும், மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ்ஸும் மாதிரிச் சிலது நம்மிடமும் ஓடும்; அங்கே யோசிக்காமல் ‘ஓடு’ போடலாம்.

அடுத்தது தன்வினை, பிறவினை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், இப்போது சோறு போடப் போகிறது. ஓடு–ஓட்டு, நட–நடத்து, இயங்கு–இயக்கு என்று தமிழ் இரண்டையும் உருவத்திலேயே பிரித்து வைக்கிறது. ‘ரன்’னில் அந்தப் பிரிவு கிடையாது. மெஷின் தானாக ஓடினாலும் ‘ரன்’, ஆள் நின்று ஓட்டினாலும் ‘ரன்’. ஆகவே ஒவ்வொரு வரியிலும் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடு. உன் பட்டியலில் ‘பேக்கப் இயக்குகிறது’ என்று இருப்பது இதைப் பார்க்காததால் வந்த வினை. பேக்கப் எதையும் இயக்கவில்லை. ‘பேக்கப் எடுக்கப்படுகிறது’ என்றோ ‘பேக்கப் நடக்கிறது’ என்றோ மாற்று.

பிறவினை என்று தெரிந்த பிறகும் எந்தப் பிறவினை என்ற கேள்வி மிச்சம் இருக்கும். கடையை எடுத்துக்கொள். புதுமண்டபத்துப் பக்கம் ஒருவர் துணிக்கடை ‘ரன்’ பண்ணுகிறார் என்றால் ‘கடை வைத்திருக்கிறார்’ என்போம்; முதலாளி அவர்தான் என்பது அதிலேயே வந்துவிடும். ‘கடை நடத்துகிறார்’ என்றால் முதலாளியாகவும் இருக்கலாம், குத்தகைக்கு எடுத்தவராகவும் இருக்கலாம். ‘கடையைப் பார்த்துக்கொள்கிறார்’ என்றால் கடை அண்ணனுடையதோ மாமனாருடையதோ, இவர் கல்லாவில் உட்காருகிறார். ஆங்கிலத்திலும் ‘ரன்’, ‘மேனேஜ்’, ‘ஆபரேட்’ என்று மூன்று உண்டு. ஆனால் அவை நம் மூன்றோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தி வராது. ‘மேனேஜ்’ சம்பளக்காரரைக் குறிக்கலாம். ‘ஆபரேட்’ என்பதில் கிரேன், லிப்ட் மாதிரிக் கருவி வாடையும் அலுவலக வாடையும் அடிக்கும். பஸ் கம்பெனி என்றால் நாம் ‘பஸ் விடுகிறார்கள்’ என்போம். ஓட்டுகிறவர் டிரைவர்.

‘அவுட்’, ‘ஓவர்’ மாதிரிப் பின்னொட்டுச் சொற்கள் ‘ரன்’னோடு சேர்ந்துவிட்டால்தான் அதிகம் தடுக்கும். ‘ரன் அவுட்’டைப் பார். அரிசி, எண்ணெய், சிலிண்டர், கையில் உள்ள காசு எல்லாம் தீரும். நேரம் முடியும். பாஸ்போர்ட்டும் லைசென்ஸும் காலாவதியாகும். பொறுமை போய்விடும். கிரிக்கெட்டில் மட்டும் ரன் அவுட் ரன் அவுட்தான். இந்த ‘அவுட்’ தருகிற ‘சுத்தமாக, மிச்சமில்லாமல்’ என்ற அழுத்தத்துக்குத் தமிழில் தனிச்சொல் தேடாதே. விடு, போ என்ற துணைவினைகள் அந்த வேலையைச் செய்யும். ‘மாத்திரை தீர்ந்தது’ என்று எழுதினால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும், ‘தீர்ந்துவிட்டது’ என்றால் வாங்கப் போக வேண்டும் என்று படிப்பவருக்குப் புரியும். ‘ரன்னிங் லோ’ என்று வந்தால் ‘தீரப்போகிறது’. நீ போட்டிருக்கும் ‘குறைவாக இயங்குகிறது’ என்பதைப் பார்த்தால் யாரும் ரிப்பேருக்குத்தான் கொண்டுபோவார்கள்.

‘ரன் ஓவர்’ வந்தால் வண்டியா கூட்டமா என்று பார்: நாயின் மேல் கார் ஏறியது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டியது. ‘ரன் இன்டு’ ஆளோடு வந்தால் எதிர்ப்பட்டது, சுவரோடு வந்தால் மோதியது, தொகையோடு வந்தால் லட்சக்கணக்கில் போனது. ‘ரன் டவுன்’: பேட்டரி இறங்கும், கட்டடம் பாழடையும், ஒருவரையொருவர் மட்டம் தட்டுவார்கள்.

வினையே தேவைப்படாத இடங்களும் நிறைய. பாண்டியன் எக்ஸ்பிரஸ் 20 நிமிடம் லேட்டாக ‘ரன்’ ஆகிறது என்பதற்கு ‘20 நிமிடம் தாமதம்’ போதும். ஒப்பந்தம் மார்ச் வரை, அவ்வளவுதான். மூன்று நாள் ‘ரன்னிங்’ என்பது தொடர்ந்து மூன்று நாள். தேர்தலில் நம் ஆட்கள் நிற்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்களும் நிற்கத்தான் செய்கிறார்கள், அமெரிக்கர்கள்தான் ஓடுகிறார்கள். உனக்கு வரும் மூலம் அமெரிக்க ஆங்கிலமா என்று கேட்டு வைத்துக்கொள்.

ஒரே கருத்துள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் இணைச்சொல் அகராதியை (தெசாரஸ்) நம்பி இறங்காதே. ஆங்கிலத்துக்கு அப்படி ஒன்றை ரோஜெட் 1852ல் வெளியிட்டபோதே கருத்தை வைத்துத்தான் சொற்களைக் கூட்டினார். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று உட்காரும் என்பது அதற்கு அர்த்தமில்லை. ‘ரன்’னுக்கு ‘ஃப்ளோ’ இணைச்சொல்தான், ஆற்றுக்குச் சரி. சளி பிடித்த மூக்குக்குப் போட்டால் சிரிப்பார்கள். நம் பழைய நிகண்டான திவாகரம் இந்த வகையில் கெட்டி: ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதைத் தனித் தொகுதியாகவே பிரித்து வைத்தது. அகராதியில் முதலில் வரும் பொருளைத் தூக்கிப் போடுவதும் ஆபத்து. ஆக்ஸ்போர்டு பேரகராதி மாதிரி வரலாற்று அகராதிகளில் முதலில் நிற்பது பழைய பொருள். கற்போருக்கான அகராதிகளில் பெரும்பாலும் புழக்கம் மிகுந்தது. தமிழில் எழுதிய வரியைச் சரிபார்க்க க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பயன்படுத்து, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் பழைய வழக்குக்கு உதவும். (அதன் வேலை 1913ல் நம்ம மதுரையில்தான் தொடங்கியது, சாண்ட்லர் பாதிரியார் பொறுப்பில்.)

இனி பட்டியல். வெறும் ‘ரன்’ என்று தனியாக இருக்கும் கட்டங்களை நிரப்பவே நிரப்பாதே. அந்தச் சொல் வரும் திரையின் படத்தைக் கேள். நிரல் (புரோகிராம்) என்றால் ‘இயக்கு’, அறிக்கை என்றால் ‘எடு’, பரிசோதனை என்றால் ‘தொடங்கு’, உடற்பயிற்சிச் செயலி என்றால் ‘ஓட்டம்’. ஒரே ஆங்கிலக் கட்டத்தை இரண்டு திரைகளுக்கு அவர்கள் பயன்படுத்தியிருந்தால் இரண்டாகப் பிரித்துத் தரச் சொல். ஆங்கிலத்தில் ஒன்று போதும், தமிழில் போதாது என்று இரண்டு எடுத்துக்காட்டோடு எழுதினால் ஒத்துக்கொள்வார்கள். எண் வந்து உட்காரும் வரிகளில் ஒன்றுக்கு ‘இயங்குகிறது’, பலவற்றுக்கு ‘இயங்குகின்றன’ என்று இரண்டும் எழுதிக் கொடு. பொத்தான்களில் ‘இயக்கு’, ‘இயக்கவும்’ இரண்டும் கலந்து கிடக்கின்றன. எனக்கு ‘இயக்கு’ பிடிக்கும், சின்னது, பொத்தானுக்குள் அடங்கும். எதை வைத்தாலும் கடைசிவரை ஒன்றையே வை.

ஒரு தாளில் நாலு கட்டம் போட்டுக்கொள்: ஆங்கில வரி, பக்கத்துப் பெயர், தன்வினையா பிறவினையா, தமிழ். ‘டேக்’, ‘கெட்’, ‘செட்’ மூன்றுக்கும் இதே தாள் உதவும். அவை வருகிற வரிகளைத் திரைப் படத்தோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, பார்த்து வைக்கிறேன். நிரல் ஓடும்போது வரும் பிழையான ‘ரன்டைம் எரர்’ என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிடு. அதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பெயரில்தான் தெரியும்.

அன்புடன்,
அம்மா