ஆண்டறிக்கை 2024–25: சின்னத் தீவுகளோட ஓடுன ஒரு வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். மாசா மாசம் கூடிப் பேசுற நம்ம சிங்கப்பூர்க் குழுவோட ஆண்டறிக்கை இது. போன வருஷம் ஆண்டறிக்கைய நல்ல எழுத்துத் தமிழ்ல எழுதி வாசிச்சேன், பின்வரிசைல மூணு பேர் தூங்கிட்டாங்க, அத பொருளாளர் அண்ணன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல வேற போட்டுட்டாரு. அதனால இந்த வாட்டி பேசுற மாதிரியே டைப் பண்ணிருக்கேன், தலைவர் ஐயா கோவிச்சுக்க வேணாம்.

மொதல்ல கணக்கு வழக்கு இல்லாத விஷயம். 2024 ஏப்ரல்லேருந்து 2025 மார்ச் வரைக்கும் 10 கூட்டம் நடந்துச்சு. டிசம்பர்ல கூட்டம் இல்ல, பாதிப் பேர் ஊருக்குப் போயிட்டாங்க, மிச்சப் பேர் எல்லை தாண்டி மலேசியாவோட ஜொகூர் பாரு. செப்டம்பர் கூட்டத்துக்கு ஹால் புக் பண்ண மறந்தது நான்தான், அன்னிக்கு அடுக்குமாடிக்குக் கீழ இருக்கிற திறந்த தளத்துல, அதான் வாய்ட் டெக்ல, கல்யாண சமையல் வாசத்துக்கு நடுவுல உக்காந்து பேசுனோம், மன்னிச்சுக்கோங்க. புதுசா ஆறு பேர் சேந்திருக்காங்க, ரெண்டு பேர் வேலை மாறி துபாய் போயிட்டாங்க.

இந்த வருஷத்துக்கு எடுத்துக்கிட்ட தலைப்பு சின்னத் தீவு நாடுகள். நம்ம புவியியல் டீச்சர் அக்கா சொன்னப்போ பெருசா ஆதரவு இல்ல, "பசிபிக் கடல்ல எவனோ முங்குறதுக்கு பிடோக்ல நாம ஏன் கூட்டம் போடணும்"னு ஒருத்தர் நேராவே கேட்டாரு. அக்கா ஒன்னும் பேசாம போன எடுத்து ஐநாவோட வளரும் சின்னத் தீவு நாடுகள் லிஸ்ட்ட காட்டுனாங்க, 39 நாடு இருக்கு, மாலத்தீவு, துவாலு, ஃபிஜி, கிரெனடா எல்லாம் வரிசையா வருது, நடுவுல பாத்தா சிங்கப்பூர். அதுக்கப்புறம் அந்த அண்ணன் சத்தமே இல்ல, ஆனா வருஷம் பூரா ஒரே சண்டைதான், நாம அந்த லிஸ்ட்ல இருக்க வேண்டிய ஆளா இல்லையான்னு.

ஜூன்ல ஈஸ்ட் கோஸ்ட்ல பிக்னிக் வச்சிருந்தோம். ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் பக்கம் ரெண்டு கப்பல் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடல்ல கொட்டுனது ஞாபகம் இருக்கும், கடற்கரைய மூடிட்டாங்க, பிக்னிக் கேன்சல். நம்மள்ல நாலு பேர் தொண்டூழியரா பேர் கொடுத்தாங்க. வாங்கி வச்ச கரிபாப் பலகாரத்த என்ன பண்றதுன்னு தெரியாம பொருளாளர் வீட்டுலயே கூட்டத்தப் போட்டோம்.

ஜூலை கூட்டம்தான் என்னப் பொறுத்தவரைக்கும் இந்த வருஷத்துல உருப்படியான கூட்டம். ஜூலை 1ஆம் தேதிதான் பெரில் சூறாவளி கரீபியன் கடல்ல இருக்கிற கிரெனடா நாட்டோட கரியாக்கூ தீவ அடிச்சிருந்துச்சு, அந்தச் சின்னத் தீவுல சேதமாகாத கட்டடத்தத் தேடித்தான் பாக்கணும்ங்கிற நிலைமை. டீச்சர் அக்கா அங்கேருந்து பேச்ச ஆரம்பிச்சு இன்னொரு கரீபியன் தீவு நாடான டொமினிக்காவுக்குப் போனாங்க. 2015ல எரிக்கா புயல், அந்நாட்டு ஒரு வருஷ மொத்த உற்பத்தில 90 சதவீதம் அளவுக்கு நஷ்டம். தட்டுத்தடுமாறி எந்திரிக்கிறதுக்குள்ள 2017 செப்டம்பர் 18ல மரியா சூறாவளி, நஷ்டம் 226 சதவீதம். பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க. அதாவது அந்த நாட்டுல எல்லாரும் ரெண்டே கால் வருஷம் உழைச்சு சம்பாதிக்கிறது ஒரு ராத்திரியில போச்சு, அதுவும் அந்த ரெண்டே கால் வருஷமும் யாரும் சாப்பிடாம இருந்தா.

இத எப்படி நம்புறதுன்னு ஒருத்தர் கேட்டப்போ பேராவூரணிக்கார தம்பி ஒன்னு சொன்னாப்ல, அது எனக்கு இன்னும் மனசுல நிக்குது. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ அவங்க தோப்பு மொத்தமும் சாஞ்சிருச்சு, ஆனா நாலு நாள் கழிச்சு வேற மாவட்டத்துலேருந்து மின்வாரிய ஆளுங்க லாரில வந்து கம்பம் நட்டாங்க, கோயம்புத்தூர்ல கடை தொறந்திருந்துச்சு, மதுரைல ஆஸ்பத்திரி ஓடுச்சு, தமிழ்நாடு நொண்டிக்கிட்டாவது நடந்துச்சு. சின்னத் தீவுல வேற மாவட்டம்னு ஒன்னு கிடையாது. துறைமுகம், ஏர்போர்ட், பவர் ஸ்டேஷன், வங்கி, மந்திரி வீடு எல்லாமே ஒரே புயலோட வாய்க்குள்ள. 2017ல பார்புடாவ இர்மா சூறாவளி அடிச்சப்போ அந்தத் தீவு சனம் மொத்தத்தையும் பக்கத்துல ஆன்டிகுவாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, ஒரு தீவுல மனுஷனே இல்ல. நல்ல வேளை பக்கத்துல இன்னொரு தீவு இருந்துச்சு.

கிரெனடா கத இன்னும் மோசம். கொடியிலயே ஜாதிக்காய் போட்டிருக்கிற நாடு, இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகத்துக்கே ஜாதிக்காய் கொடுத்தது அவங்கதான். 1955க்கு அப்புறம் பெரிய சூறாவளி எதையும் பாக்காதவங்க, நமக்கெல்லாம் வராதுன்னு இருந்தாங்க, 2004ல ஐவன் வந்துச்சு, மரம் பெரும்பகுதி போச்சு, நஷ்டம் ஒரு வருஷ உற்பத்தியப்போல ரெண்டு மடங்கு. வீட்டுக் கூரைய ஆறு மாசத்துல போட்டுடலாம், ஜாதிக்கா மரம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், தென்னைக்காரங்களுக்கு இது நல்லாப் புரியும். அப்பத்தான் ஒரு ஐயா எந்திரிச்சு நம்ம ஆர்ச்சர்ட் ரோடும் ஒரு காலத்துல ஜாதிக்கா தோட்டம்தான், 1850கள்ல நோய் வந்து தோட்டம் தோட்டமா செத்துச்சுன்னு சொன்னாரு. நாம அங்க ஷாப்பிங் மால் கட்டிட்டோம், அவங்க திரும்ப ஜாதிக்காயே நட்டாங்கன்னு யாரோ ஜோக் அடிச்சாங்க, சிரிச்சோம், ஆனா கப்பல் வழியில இருக்கிற துறைமுகம் நமக்குக் கிடைச்ச மாதிரி அவங்களுக்குக் கிடைக்கல, அதையும் சொல்லணும்ல.

ஆகஸ்ட் கூட்டம் கடனப் பத்தி. தலைப்பக் கேட்டே பாதிப் பேர் வரல. வந்தவங்களுக்கு மாலத்தீவு கதைய பொருளாளர் அண்ணன் சொன்னாரு. நீங்க இப்ப ஓரளவு வசதி ஆயிட்டீங்க, ரொம்பப் பின்தங்கின நாடுகள் பட்டியல்லேருந்து எடுத்துடலாம்னு ஐநா பொதுச்சபை முடிவு பண்ணது 2004 டிசம்பர் 20ஆம் தேதி. ஆறே நாள்ல சுனாமி. நாட்டோட உற்பத்தில 62 சதவீத அளவு நஷ்டம். அப்புறம் தள்ளிப் போட்டு 2011லதான் எடுத்தாங்க. பசிபிக் தீவு நாடான சமோவாவுக்கும் இதே மாதிரி, 2009 சுனாமியால தள்ளிப் போய் 2014ல. ஒரு ஆளுக்கு இவ்ளோ வருமானம்னு ஒரே ஒரு நம்பர வச்சு ஏழை, பணக்காரன்னு பிரிச்சா இப்படித்தான் ஆகும், டூரிஸ்ட் ரிசார்ட் நாலு இருந்தா வருமானம் ஏறிடும், ஏறுனா சலுகை வட்டிக் கடன் போயிடும், அடுத்த அலைல ரிசார்ட்டும் போயிடும், அசலும் வட்டியும் மட்டும் நிக்கும். இதுக்குத்தான் வருமானத்தோட சேத்து எவ்ளோ சுலபமா அடிபடுவாங்கன்னும் அளக்கணும்னு தீவுகள் 1990கள்லேருந்தே கத்துனாங்க, பல பரிமாண நலிவுக் குறியீடுன்னு ஒன்ன ஐநா பொதுச்சபை ஏத்துக்கிட்டது 2024 ஆகஸ்ட்ல, நம்ம கூட்டம் நடந்த அதே மாசம். முப்பது வருஷம்! வங்கிங்க அத வச்சு கடன் கொடுக்குமான்னு கேட்டா அது இன்னும் அவங்க இஷ்டம்தான்.

கிரெனடாக்காரங்க புத்திசாலி, 2015ல பழைய கடன மாத்தி எழுதுனப்பவே சூறாவளி வந்தா தவணைய கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம்னு ஒரு விதிய பத்திரத்துல சேத்துட்டாங்க. பெரில் வந்தப்புறம் அத எடுத்துக் காட்டி தவணைய நிறுத்தி வச்சாங்க. நம்ம வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு லோன்லயும் இந்த மாதிரி இருந்தா நல்லாருக்கும்னு ரெண்டு பேர் பெருமூச்சு விட்டாங்க.

அக்டோபர்ல மொரிஷியஸ். இதுக்குத்தான் கூட்டம் நிரம்புச்சு, ஏன்னா ரூபா நோட்டுல தமிழ் இருக்குன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தேன். ஒரு அக்கா ஹனிமூன் போனப்போ கொண்டு வந்த நோட்ட காட்டுனாங்க, 1998ல தமிழ இந்திக்குக் கீழ தள்ளி அச்சடிச்சு, சனங்க போராடி அந்த நோட்டையே திரும்ப வாங்க வச்ச கதையும் வந்துச்சு, அதுலயே அரை மணி நேரம் போயிடுச்சு. ஆனா நான் சொல்ல வந்தது வேற. 1960 பிப்ரவரில கேரல்னு ஒரு புயல் மொரிஷியஸ்ல மரத்தாலயும் ஓலையாலயும் கட்டுன வீடுங்கள அள்ளிட்டுப் போச்சு, அதுக்கப்புறம்தான் அங்க காங்கிரீட் வீடு வழக்கமாச்சு. இங்க 1961 மே 25ல புக்கிட் ஹோ சுவீ தீ, 16,000 பேர் வீடில்லாம நின்னாங்க, வீவக அடுக்குமாடி வேகம் எடுத்ததும் அதுக்கப்புறம்தான். அதே 1961ல ஜேம்ஸ் மீட்னு ஒரு பொருளாதார நிபுணர், பின்னால நோபல் எல்லாம் வாங்குனவரு, மொரிஷியஸ் தேறுறது கஷ்டம்னு அறிக்கை எழுதுனாரு. தேறிடுச்சு. கரும்பு ஒன்னையே நம்பியிருந்தவங்க துணி, டூரிசம், பேங்கிங்னு காலப் பரப்பிக்கிட்டாங்க.

நவம்பர், ஜனவரி ரெண்டு கூட்டமும் நம்ம ஊரப் பத்தி. மால்டா நாட்டு பொருளாதார நிபுணர் லினோ பிரிகூலியோ இத சிங்கப்பூர் புதிர்னு சொல்றாரு, எல்லாத்தையும் வெளிலேருந்து வாங்குற, எந்த அடிக்கும் தாங்காத இடம், ஆனா பணக்கார நாடு, எப்படின்னு. நல்ல நிர்வாகம், அதனால அடிய தாங்குற சக்தின்னு பதில். கைத்தட்டல் வந்துச்சு. எனக்கு அதுல பாதிதான் சம்மதம். நாம பூமத்திய ரேகைக்கு இவ்ளோ பக்கத்துல இருக்கிறதால புயல் சுழல்றதே அபூர்வம், சுமத்ரா நடுவுல படுத்திருக்கிறதால 2004 அலை நம்மள தொடல. இது நிர்வாகம் இல்ல, கொடுத்து வச்சது. அதுவும் அபூர்வம்தானே தவிர வராதுன்னு இல்ல, 2001 டிசம்பர் 27ல வாமெய் புயல் ஜொகூர்ல கரை ஏறுச்சு, கொஞ்சம் தெக்க தள்ளியிருந்தா நம்ம வாசல். 2022 ஜூன்ல மலேசியா கோழி ஏத்துமதிய நிறுத்துனப்போ நம்ம சிக்கன் ரைஸ் கடைங்க பட்ட பாட்ட மறந்துட்டோமா? அப்போ நம்ம கோழில மூணுல ஒரு பங்கு அங்கேருந்துதான் வந்துச்சு.

ஜனவரி கூட்டத்துக்கு முந்தி ரெண்டு மூணு நாளா மழை நிக்கவே இல்ல, நனைஞ்ச குடையோட 11 பேர் வந்தாங்க. தீவுல 30 சதவீத நிலம் கடல் மட்டத்துலேருந்து 5 மீட்டருக்குள்ள, 2100க்குள்ள கடல் 1.15 மீட்டர் வரைக்கும் ஏறலாம்னு 2024 ஜனவரில அரசாங்க ஆய்வு சொல்லுது. ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளிய சுமார் 800 ஹெக்டேர்ல நீள் தீவு ஒன்னு கட்டப் போறாங்க, கடலத் தடுக்க, கூடவே நீர்த்தேக்கத்துக்கும். கடற்கரைப் பாதுகாப்புக்கு நூறு வருஷத்துல 100 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும்னு பிரதமரா இருந்தப்போ லீ சியன் லூங் 2019ல சொன்னாரு. துவாலு தலைநகர்ல கடல மூடி நிலம் உண்டாக்குனாங்க, 7 ஹெக்டேர் சொச்சம், அதுவும் வெளிநாட்டு நிதில. ரெண்டு பேருக்கும் கடல் ஒன்னுதான், நம்மகிட்ட அடி விழறதுக்கு முன்னாடியே செலவு பண்ண கைல காசு இருக்கு, அவங்களுக்கு விழுந்தப்புறம்தான் காசு வருது, அதுவும் பாதி கடனா. என் கட்சி இதுதான், வருஷம் பூரா சண்ட போட்டு நான் வந்து நின்ன இடம். இதச் சொன்னதும் ஒரு ஐயா, நாம கடல நிரப்ப வாங்குன மணல் யார் தீவுலேருந்து வந்துச்சு, இந்தோனேசியா 2007ல ஏன் மணல் ஏத்துமதிய தடை பண்ணுச்சுன்னு கேட்டாரு. அதுக்கு யாருக்கும் சட்டுனு பதில் வரல, டீ ஆறிப் போச்சு.

பிப்ரவரில பசிபிக் தீவு நாடு டோங்கா, எரிமலை வெடிச்சு கடலடி கேபிள் அறுந்து அஞ்சு வாரம் சரியான இணையம் இல்லாம இருந்த கதை. நான் வரல, பேத்திக்குக் காய்ச்சல், அதனால எழுத ஒன்னும் இல்ல.

கணக்கு பொருளாளர் அண்ணன் தனியா வாசிப்பாரு. ஒன்னு மட்டும், நம்ம ஸ்பீக்கர் நவம்பர்ல உடைஞ்சிருச்சு, புதுசு வாங்குனதுல சந்தா பணம் பூரா காலி. நம்ம நஷ்டத்தையும் உற்பத்தில இத்தன சதவீதம்னு கணக்குப் போட்டா டொமினிக்காவுக்குப் பக்கத்துல போயிடுவோம். சந்தா பாக்கி வச்சிருக்கிற ஒன்பது பேருக்கும் அவங்க யாருன்னு தெரியும்.

அடுத்த வருஷத் தலைப்பு இன்னிக்கே முடிவு பண்ணணும், வந்திருக்கிற யோசனை ரெண்டு: குடிதண்ணி, இல்லன்னா மணல். கை தூக்கி ஓட்டு போட்டுடலாம். அப்புறம் ஹால் சாவிய 10 மணிக்குள்ள திருப்பிக் கொடுக்கணும், சாப்பிட்டுட்டு அப்படியே நழுவாம அவங்கவங்க நாற்காலிய அடுக்கி வச்சிட்டுப் போங்க.

இப்படிக்கு,
செயலாளர்