அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போதைக்கு அடிமையான இளைஞர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பது வரை எழுதி, அத்தோடு முடித்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் பெரிய கஷ்டமே அதற்கு அப்புறம்தான் தொடங்கியது.

என் தம்பிக்கு 24 வயது. லோடு ஏற்றி இறக்கும் வேலை. முதுகுவலிக்கு என்று கூட்டாளி கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, ஒரே வருடத்தில் ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டான். கடன் வாங்கி ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தோம். மூன்று மாதம் அவனோடு பேசக்கூட விடவில்லை. அடம் பிடித்தால் தனியறையில் பூட்டுவார்களாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதை நோயாளிகளுக்கும் பொருந்தும், தனிமையில் அடைப்பதையும் சங்கிலியால் கட்டுவதையும் அது தடை செய்கிறது என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. உடம்பு தேறி வந்தவனுக்கு அம்மா வாசலிலேயே திருஷ்டி சுற்றிப் போட்டார்.

பத்தாவது நாள் இரவு, உதடு நீலம் பாரித்துக் குளியலறையில் கிடந்தான். அரசு மருத்துவமனையில், போதையின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்ட சில நிமிடங்களில் கண் திறந்தான். "மூணு மாசம் நிறுத்தினதுல உடம்புக்குத் தாங்குற சக்தி போயிருச்சும்மா. பழைய அளவையே எடுத்தாலும் உயிர் போயிரும்" என்றார் டாக்டர். இல்லத்திலிருந்து அனுப்பும்போது இந்த ஒரு வார்த்தையை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ வெளியே வரும் முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்புறம் மனநலப் பிரிவில் புப்ரெனார்பின் மாத்திரை கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். மூளையில் அந்தப் போதை போய் ஒட்டும் அதே இடத்தில் இதுவும் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்கிறது. அதனால் நடுக்கமும் போதை வேண்டும் என்ற ஏக்கமும் அடங்கிவிடுகின்றன. ஓரளவுக்கு மேல் இதன் வேகம் ஏறாது என்பதால் மூச்சு நின்றுபோகும் அபாயமும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆனால் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? "ஒரு போதைக்கு இன்னொரு போதையா? ரோஷம் இருந்தா தானா நிறுத்தட்டும்" என்றார் சித்தப்பா. நாங்களும் நம்பி, இரண்டாவது மாதம் டாக்டரைக் கேட்காமலே நிறுத்தினோம். ஒரு வாரத்துக்குள் மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, கை கால் குடைச்சல். மறுபடியும் சறுக்கினான். அந்தத் தவறு அவனுடையது அல்ல, எங்களுடையது. நல்லவேளையாக, "அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்று அவனே வந்து சொன்னான். நான் திட்டவில்லை. மறுநாள் காலை ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்றோம். இப்போது 14 மாதம் ஆகிறது. காலையில் மாத்திரை வைத்துக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் போய் பேக்கிங் வேலை பார்க்கிறான். எப்போது குறைப்பது என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். சித்தப்பாவும் நானும் முடிவு செய்கிற விஷயம் இல்லை அது.

பஞ்சாபில் 2017 முதல் இந்தச் சிகிச்சையை வெளிநோயாளிகளுக்கு அரசு கிளினிக்குகளிலேயே கொடுக்கிறார்கள். 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, நாட்டில் ஓபியாய்டு வகைப் போதையால் (அபின், ஹெராயின், சில வலி மாத்திரைகள் போன்றவை) உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் பேர் என்றது. நம் மாவட்டங்களிலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இது கிடைத்தால், கூலி வேலைக்குப் போகிறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

போலீஸுக்குப் பயந்தே பல வீடுகளில் மறைக்கிறார்கள். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவில், போதைக்கு அடிமையாகி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை ரத்து செய்யவும் முடியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி, பையன்களை வரிசையாக நிறுத்திய படங்களை அடிக்கடி வெளியிடுகிறீர்கள். அந்தச் செய்திகளின் கீழே, போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446 என்ற ஒரு வரியையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தை யாருடைய அக்காவாவது படித்துக்கொண்டிருப்பாள்.

தம்பிக்குப் பெண் பார்க்கும் நேரம் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.